மகன் எங்கே போனான்?

மாணவர் கூட்டத்துடன் மாமல்லபுரம் சென்றிருந்தோம். செங்கற்பட்டிலே பாடநூலில் படித்த பல்லவன் புகழைப் பிள்ளைகள் பாறையிலே பார்த்து மகிழட்டும் என்பது நம் நோக்கம். ரதங்களைக் கண்டோம். அருச்சுனன் தவம் என்று சிலரும், கங்கை இறங்கிய காட்சி என்று சிலரும் சொல்லும் பெருஞ்சிற்பத்தைக் கண்டோம். பூனையொன்று பின்னங்கால்களில் நின்று, கைகளை உயரத் தூக்கித் தவம் புரிகிறது. எலிகள் அதன் காலடியில் கூடியிருக்கின்றன. பிள்ளைகள் கைகொட்டிச் சிரித்தனர். போலித் துறவைப் பல்லவச் சிற்பியே எள்ளி நகையாடினானே என்று நாமும் மகிழ்ந்தோம்.

அந்த மகிழ்ச்சி கடற்கரை வரையில்தான் நீடித்தது. அங்கே சங்கும் சிப்பி மாலையும் விற்றுக்கொண்டிருந்தார் அறுபதை நெருங்கிய மீனவத் தாய் ஒருவர். நாம் ஆசிரியர் என்று அறிந்ததும் அவர் கேட்டார்: "வாத்தியாரே, புள்ளைங்களுக்கு என்னென்னமோ சொல்லித் தர்றீங்களே, எம்புள்ள எங்க போனான்னு எவரும் சொல்லலையே!"

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை அந்தத் தாயின் ஏழு வயது மகனைக் கொண்டுபோயிற்று. உடல் மூன்றாம் நாள் கிடைத்ததாம். துக்கம் கேட்க வந்தோர் இருவகை ஆறுதல் கூறினராம். "முன்வினை, அம்மா! போன பிறவியில் செய்தது" என்றார் ஒருவர். "தேவ சித்தம், நீ மனந்திரும்பினால் நல்லது. ஆனால் உன் மகன் ஆண்டவரை அறியாமலே போய்விட்டானே" என்றார் மற்றொருவர். இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகியும் இரண்டு முட்களும் அந்தத் தாயின் நெஞ்சில் தைத்தபடியே இருக்கின்றன. "ஏழு வயசுப் புள்ள என்னா பாவம் பண்ணியிருக்கும்? இல்ல, நாந்தான் பண்ணினேனா?"

நாம் பதில் கூறவில்லை; கூற இயலவில்லை. கலைப்பட்டம் பெற்ற நாவு, கல்லாத தாயின் கேள்விக்கு முன் உலர்ந்துபோயிற்று. வீடு திரும்பியபின்னும் கேள்வி நம்மை விடவில்லை. சாவைப்பற்றிச் சமயங்கள் சொல்வதென்ன? சொல்வதிலே உண்மை எவ்வளவு? அதைவிட முதன்மையாக, அந்தச் சொல் கேட்பவரைத் தேற்றுகிறதா, தீய்க்கிறதா? தோழர்களே, இவற்றை எண்ணிப் பார்ப்போம்.

மூன்று தாய்மார் கதையை அருகருகே வைத்துப் பார்ப்போம். முதலாமவர் கிறித்தவ மறையிலே வருகிறார். நாயீன் என்னும் ஊரிலே ஒரு விதவை. அவளுக்கு ஒரே மகன். அவன் பிணத்தைச் சுமந்து செல்கின்றனர். எதிரே வந்த இயேசு மனமிரங்குகிறார், பாடையைத் தொடுகிறார், மாண்டவன் எழுந்து உட்காருகிறான். மகனைத் தாயிடம் ஒப்படைக்கிறார். உள்ளம் உருக்கும் கதை. இயேசுவின் இரக்கத்தை நாம் குறைத்துப் பேசவில்லை. ஆனால், அந்த ஒரு தாய்க்கு மகன் கிடைத்தான், மற்றத் தாய்மாருக்கு? அவர்களுக்கு வாக்குறுதிதான் கிடைத்தது: கடைசி நாளிலே அனைவரும் எழுவர், தீர்ப்பு நடக்கும், நல்லோர் வானகம் புகுவர், தீயோர் தீயில் வேவர் என்பது.

இரண்டாமவர் பௌத்த நூல்களில் வரும் கிசா கோதமி. இறந்த குழந்தையை இடுப்பில் ஏந்தி, மருந்து கேட்டு வீதி வீதியாய் அலைகிறாள். புத்தரிடம் வருகிறாள். அவர் பிணத்தைத் தொடவில்லை, மந்திரம் ஓதவில்லை, வானுலகைக் காட்டவுமில்லை. சாவே நிகழாத வீட்டிலிருந்து ஒரு பிடி கடுகு வாங்கி வா என்கிறார். கடுகு எல்லா வீட்டிலும் உண்டு. சாவு காணாத வீடுதான் ஒன்றுமில்லை. மாலைக்குள் அவள் தெளிகிறாள். குழந்தையை இடுகாட்டில் கிடத்திவிட்டுத் திரும்புகிறாள்.

மூன்றாமவர் நம்மவர், தமிழ்த்தாய். சாத்தனார் இயற்றிய மணிமேகலையிலே, புகார் நகரத்துச் சுடுகாட்டின் வரலாறு கூறுமிடத்தில் வருகிறார். பெயர் கோதமை. சார்ங்கலன் என்னும் அவருடைய மகன், சுடுகாட்டுப் பேயாட்டத்தைக் கண்டு அஞ்சி உயிர்விடுகிறான். நகரின் காவல் தெய்வம் சம்பாபதியை அழைத்து, என் உயிரை எடுத்துக்கொள், மகனைத் தா என்று மன்றாடுகிறாள் தாய். தெய்வம் இயலாது என்கிறது. தாய் விடவில்லை. மற்றத் தெய்வங்களால் முடியுமென்று சொல்கிறார்களே என்கிறாள். உடனே சம்பாபதி, சக்கரவாளத்துத் தேவர்களையெல்லாம் அங்கே வரவழைத்துச் சாட்சி சொல்ல வைக்கிறது. அத்தனை தெய்வங்களும் வரிசையாக நின்று, இறந்த உயிரை மீட்டுத் தர எங்களில் எவராலும் இயலாது என்று ஒப்புக்கொள்கின்றன!

தெய்வங்களையே கூண்டிலேற்றி, தம் இயலாமையைத் தம் வாயாலேயே ஒப்புக்கொள்ளச் செய்த புலவன் தமிழ்ப் புலவன். மணிமேகலையில் மாயமும் மந்திரமும் பழம்பிறவிக் கதைகளும் மலிந்து கிடக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அந்த ஒரு காட்சியிலே பகுத்தறிவின் பேரொளி வீசுகிறது.

மேனாட்டுச் சமயத்துக்கும் புத்தர் நெறிக்கும் உள்ள வேறுபாடு எங்கே தொடங்குகிறது? சாவு தண்டனையா, இயற்கையா என்ற கேள்வியிலே தொடங்குகிறது. ஆதி மனிதன் ஆணையை மீறினான். அதனால் உலகிலே சாவு நுழைந்தது என்பது கிறித்தவ மரபு. சாவு தண்டனை என்று கொண்டால் தண்டிப்பவன் ஒருவன் வேண்டும்; மன்னிப்பு வேண்டும்; மன்னிப்பைப் பெற்றுத் தர இடைநின்று பேசுவோர் வேண்டும். அதன் முடிவு என்ன? உத்தரிக்கும் தலத்தில் வேகும் உறவினரை விரைவில் மீட்கலாம் என்று கூறிப் பாவமன்னிப்புச் சீட்டு விற்கும் கடை திறக்கப்பட்டது. 1517-இல் மார்ட்டின் லூதர் வெகுண்டெழுந்தது அந்த வாணிகத்தைக் கண்டுதான். நம் நாட்டில் மட்டும் என்னவாம்? பிண்டம், திவசம், கருமாதி! சீட்டின் பெயர் வேறு, கடை ஒன்றே.

புத்தர் சாவைத் தண்டனை என்னவில்லை. பிறந்தது அழியும், சேர்ந்தது பிரியும், அவ்வளவே. அதைக் கண்ணாரக் கண்டு, ஆசையும் வெறுப்பும் மயக்கமும் அவிந்த நிலையே நிருவாணம். அச்சொல்லின் பொருளே விளக்கு அணைவது போன்ற அவிதல்தான். போதி என்றால் விழிப்பு. அருள்கொண்டு ஒருவர் தரும் மீட்பன்று அது. தானே முயன்று பெறும் தெளிவு. செத்தபின் சேரும் இடமுமன்று. இருக்கும்போதே எய்தும் நிலை.

அப்படியானால், விழிப்புற்றவன் மாண்டபின் எங்கே போகிறான்? வச்சகோத்தன் என்பான் இதையே கேட்டான். உன் முன்னே எரியும் தீ அணைந்தால், அது கிழக்கே போயிற்றா மேற்கே போயிற்றா என்று திருப்பிக் கேட்டார் புத்தர். விறகு தீர்ந்தது, தீ அவிந்தது; திசை கேட்பதே பொருந்தாது என்றான் அவனே. மாலுங்கியபுத்தன் என்ற துறவி, மறுமை உண்டா இல்லையா என்று கூறினாலன்றி உம்மோடு இரேன் என்றான். நச்சம்பு தைத்துக் கிடப்பவன், எய்தவன் குலமென்ன, வில்லின் மரமென்ன என்று விசாரித்துக் கொண்டிருப்பானா, அம்பைப் பிடுங்கச் சொல்வானா என்றார் புத்தர். அறியாததை அறிந்தவர்போல் பேசாமை! சமயத் தலைவரிடையே இந்த நேர்மை அரிது.

இந்த இடத்தில் பௌத்தத்துக்குப் பரிவட்டம் கட்டி ஊர்வலம் விட்டால், நாம் பகுத்தறிவாளர் ஆகோம். வினை, மறுபிறவி என்ற இரு கயிறுகளும் பௌத்தத்திலும் தொங்குகின்றனவே! ஆன்மா இல்லை என்ற பிறகு, மறுபடி பிறப்பது எது? ஒரு விளக்கின் சுடரால் மற்றொரு விளக்கை ஏற்றுவது போல என்பர். உவமை அழகியது, உவமை சான்றாகாது. அந்த வினைக் கயிறுதான் நம் மீனவத் தாயின் கழுத்தை நெரித்தது. ஏழைக்கு முன்வினை, விதவைக்கு முன்வினை, தாழ்த்தப்பட்டோருக்கு முன்வினை என்று ஓதி ஓதித்தான் இந்த மண்ணில் சாதி நிலைத்தது. பிறவியால் உயர்வு தாழ்வு இல்லை என்று 1929 பிப்ரவரி 17, 18 நாட்களில் முதல் சுயமரியாதை மாகாண மாநாடு முழங்கியது இதே செங்கற்பட்டில் அல்லவா?

ஆயினும் ஒன்று கவனிக்கத்தக்கது. மோளிய சீவகன் என்னும் துறவி புத்தரிடம், மனிதன் துய்ப்பதெல்லாம் முன்வினையால் என்கிறார்களே, உண்மையா என்று வினவினான். அல்ல என்றார் புத்தர். பித்தம், சிலேத்துமம், வாதம், இம்மூன்றின் கலப்பு, பருவ மாற்றம், கவனக்குறைவு, பிறர் தாக்குதல், வினை என்று எட்டுக் காரணங்களை எண்ணிக் காட்டினார். எட்டில் ஒன்றுதான் வினை! எல்லாவற்றையும் வினைமேல் போடுவோர், கண்ணால் காண்பதையும் உலகம் அறிந்ததையும் மீறிப் பேசுகின்றனர் என்பது அவர் கருத்து. இதை அந்தத் தாயிடம் எவரேனும் கூறியிருந்தால்!

அலைக்குக் காரணம் என்ன? சுமத்திராவின் மேற்குக் கடலடியில் நிலத்தட்டு ஒன்றின்மேல் ஒன்று வழுக்கியது. 9.1 அளவில் நிலம் அதிர்ந்தது. கடல்நீர் எழும்பி, ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் நம் கரையை அடைந்தது. பதினான்கு நாடுகளில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டனர். தமிழகத்தில் மட்டும் ஏறத்தாழ 8,000 பேர். இந்தியப் பெருங்கடலிலே முன்னெச்சரிக்கை ஏற்பாடு அன்று இருந்ததில்லை, பின்னர்தான் அமைத்தனர். எச்சரிக்கை இருந்திருந்தால் அந்த இரண்டு மணி நேரத்தில் எத்தனை பிள்ளைகள் மேட்டுக்கு ஓடியிருப்பர்! எட்டுக் காரணங்களிலே இது கவனக்குறைவு. முன்வினையன்று, முன்யோசனை இன்மை.

கடல் ஆத்திகன் நாத்திகன் பார்க்கவில்லை. கிறித்து பிறந்தநாளின் மறுநாள் வேளாங்கண்ணிக்கு வழிபட வந்தோர் பலரை வாரிச் சென்றது. மாமல்லபுரத்துக்கு அருகே சாளுவன்குப்பத்தில் அலை மணலை அரித்தது. 2005-இல் அங்கே தொல்லியலார் அகழ்ந்தனர். செங்கல்லால் ஆன பழைய முருகன் கோயில் வெளிப்பட்டது. முற்காலத்துப் பேரலையால் அது அழிந்திருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து. வேல் பிடித்த தெய்வமும் அலையைத் தடுக்கவில்லை. இலங்கையிலே ஊர் அழிந்தும் புத்தர் சிலை அசையவில்லை என்று வியந்தோர் உண்டு. சிலை நின்றது, மக்கள் செத்தனர்! இதிலே வியப்பதற்கு என்ன இருக்கிறது? நம் மணிமேகலையும் இதற்கு விலக்கன்று. இந்திர விழா எடுக்க மறந்ததால் புகாரைக் கடல் கொண்டது என்றுதானே அதுவும் கூறுகிறது?

இதே கேள்வி ஐரோப்பாவையும் ஒருநாள் உலுக்கியது. 1755 நவம்பர் 1, புனிதர் அனைவரின் திருநாள். லிசுபன் நகரக் கோயில்கள் நிரம்பி வழிந்தபோது நிலம் நடுங்கியது. கூரைகள் சரிந்தன, கடல் பொங்கியது, தீ பரவியது, பல்லாயிரவர் மடிந்தனர். இது ஆண்டவன் சினம் என்று முழங்கினார் மலாகிரிதா என்ற பாதிரியார். தாயின் மார்பில் கிடந்த குழந்தைமேல் என்ன சினம் என்று கேட்டுப் பாட்டெழுதினார் வால்டேர். 1759-இல் 'காந்தீது' என்ற கதையால் நடப்பதெல்லாம் நன்மைக்கே என்ற தத்துவத்தை நகையாடினார். அமைச்சர் பொம்பாலோ, நடுக்கம் எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா இறங்கியதா என்று கேள்விகள் எழுதிப் பங்குகளுக்கெல்லாம் அனுப்பினார். யார் பாவி என்று கேட்டவர் அழுதபடியே இருந்தனர். எப்படி நடந்தது என்று கேட்டவர்களால் நிலநடுக்க அறிவியல் முளைவிட்டது.

சாவைப்பற்றிய கொள்கை சாவோடு முடிவதில்லை. வாழ்வோரை எப்படி நடத்துவது என்பதிலும் அது தெரியும். வானகத்தில் அனைவரும் சமம் என்று போதித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்தில் சாதிச்சுவர் எழுப்பிய ஊர்கள் தமிழகத்தில் உண்டு. ஆன்மாவுக்குச் சாதியில்லை என்று வேதாந்தம் பேசிவிட்டு, சேரிப் பிணத்துக்குத் தெருவழி மறுத்த ஊர்களோ எண்ணற்றவை. பௌத்தமும் அதிகார நிழலில் தன்னை மறந்ததுண்டு. கி.பி. 640 அளவில் சீனப் பயணி யுவான் சுவாங் காஞ்சியில் ஏறத்தாழ நூறு விகாரங்களும் பத்தாயிரம் துறவிகளும் இருந்ததாக எழுதினார். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே மகேந்திரவர்மன் தன் 'மத்தவிலாசம்' நாடகத்திலே, மதுவையும் மங்கையையும் அனுமதிக்கும் மூலநூல் எங்கேனும் கிடைக்காதா என்று ஏங்கும் பிக்கு ஒருவனைக் காட்டிச் சிரித்தான். மக்கள் துயரை மறந்த மடம் எந்தப் பெயரில் இருந்தாலும் மடமே.

எனவேதான், புத்தரை மீட்டெடுத்த நம் முன்னோர் சல்லடையோடு வந்தனர். 1898-இல் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் கண்ட அயோத்திதாசர், ஒடுக்கப்பட்டோரின் மானத்துக்கு அரணாக அந்நெறியைக் கொண்டார். 1907-இல் பௌத்தத்தின் சாரத்தை ஆங்கிலத்தில் எழுதிய பேராசிரியர் இலட்சுமிநரசு, அறிவியல் கண்கொண்டு அதனை ஆராய்ந்தார். 1954-இல் ஈரோட்டில் புத்தர் கொள்கையைப் பரப்ப மாநாடு கூட்டிய பெரியார், புத்தரின் அறிவுரையைப் போற்றினார், மதம் மாறவில்லை. 1956 அக்டோபர் 14-இல் நாகபுரியில் இலட்சக்கணக்கான மக்களுடன் பௌத்தம் தழுவிய அம்பேத்கர், திவசம் செய்யமாட்டேன், பிண்டம் இடமாட்டேன் என்பதையும் உறுதிமொழிகளில் ஒன்றாக்கினார். இரு திங்களுக்குள், டிசம்பர் 6-இல், அவர் மறைந்தார். 1957-இல் வெளிவந்த அவருடைய நூல், ஆன்மா கூடுவிட்டுக் கூடுபாய்கிறது என்ற கருத்தை ஏற்கவில்லை.

"எல்லாம் சரி, அழுகின்ற தாயிடம் போய்த் தத்துவம் பேசுவீரோ? வானுலகம் பொய்யே ஆயினும் ஊன்றுகோலன்றோ? அதைப் பிடுங்கலாமா?" என்று கேட்பர். நல்ல கேள்வி. துக்க வீட்டில் வாதம் புரிவது பகுத்தறிவன்று, பண்பற்ற செயல். மகனை மறுமையில் காண்பேன் என்று நம்பி உயிர்வாழும் தாயின் நம்பிக்கையைப் பறிக்க நாம் போகமாட்டோம். நாம் எதிர்ப்பது ஊன்றுகோலையன்று. ஊன்றுகோல் என்று கொடுத்து அதனாலேயே அடிப்பதை. செத்தவன்மேல் பழிபோடும் ஆறுதல், இருப்பவளைக் குற்றவாளியாக்கும் ஆறுதல், அழுபவளின் முந்தானையில் முடிந்த காசை அவிழ்க்கும் ஆறுதல், இவை ஆறுதலே அல்ல.

புத்தர் மாண்ட வரலாற்றை நினைத்துப் பாருங்கள். எண்பது வயது. சுந்தன் என்னும் கொல்லன் வீட்டில் உண்ட உணவுக்குப்பின் நோய் முற்றுகிறது. கடும் வேதனை. அந்நிலையிலும் அவருக்கு ஒரு கவலை: தன் சாவுக்குச் சுந்தனை எவரும் பழிக்கலாகாது, அவனும் தன்னையே நொந்துகொள்ளலாகாது. அவனிடம் சென்று தேற்றும்படி ஆனந்தரைப் பணிக்கிறார். சிலுவையில் தொங்கிய இயேசுவும் தம்மை வதைத்தோரை மன்னிக்க வேண்டினார் என்கின்றனர். மறுமை பற்றி முரண்பட்ட இருவர், இறக்கும் நேரத்திலே பிறர்மேல் பழி வேண்டாம் என்பதில் ஒன்றுபடுகின்றனர்! அவர்கள் பெயரால் பேசுவோர், ஏழு வயதுப் பிள்ளைமேல் பழி சுமத்துகின்றனர்.

உமக்கு நீரே விளக்காய் இருப்பீர் என்ற கருத்தைப் புத்தர் இறுதி நாட்களில் கூறினார். தீபம் என்ற பாலிச் சொல்லுக்கு விளக்கு என்றும் தீவு என்றும் இருபொருள் உண்டு. கடல் பொங்கும்போது நிற்க ஒரு திட்டு வேண்டும். நமக்கு அத்திட்டு எது? கோதமி கண்டது அதைத்தான். வீடுவீடாய்ச் சென்றவள் கடுகைப் பெறவில்லை, உறவைப் பெற்றாள். தன் துயரம் தனித்துயரம் அல்ல என்று அறிந்தாள். 2004-இல் குழி வெட்டியவரும் கஞ்சி வார்த்தவரும் எம்மதம் என்று எவர் கேட்டார்? கோயிலும் பள்ளிவாசலும் மாதா கோயிலும் பள்ளிக்கூடமும் ஒருசேரக் கதவு திறந்தனவே, அன்று கண்டோம் அந்தத் திட்டை.

மற்றொன்றும் கண்டோம். 2008 செப்டம்பரில், மாமல்லபுரத்தை அடுத்த திருக்கழுக்குன்றத்து மருத்துவ இணையர் ஒருவரின் பதினைந்து வயது மகன் சாலை விபத்தில் மூளைச்சாவு அடைந்தான். பெற்றோர் அவன் உறுப்புகளைப் பிறருக்கு ஈந்தனர். அவன் இதயம் ஒரு சிறுமியின் மார்பிலே துடித்தது. தமிழகத்தில் உறுப்புக்கொடை இயக்கமாக வளர அச்செயல் தூண்டுகோலாயிற்று. 2023 செப்டம்பர் 23-இல், உறுப்பு ஈந்து மறைவோர்க்கு அரசு மரியாதையுடன் இறுதிச்சடங்கு என அரசு அறிவித்தது. பௌத்தர் மிகுந்த இலங்கையில் 1961-இல் டாக்டர் ஹட்சன் சில்வா நிறுவிய கண்கொடைச் சங்கம் பல்வேறு நாடுகளுக்குக் கருவிழி அனுப்பியிருக்கிறது. கண்ணை ஈந்த சிவி மன்னன் கதை, அங்கே கதையாக நிற்கவில்லை, மருத்துவமனைக்குள் நுழைந்துவிட்டது.

சாவு காணாத வீட்டுக் கடுகு எங்கும் கிடைக்காது. ஆனால், சாவு கண்ட வீட்டிலிருந்து மற்றொரு வீட்டுக்கு விளக்கேற்ற முடியும். சுடரிலிருந்து சுடர் என்ற பழைய உவமைக்கு நாம் ஏற்கக்கூடிய பொருள் இதுவே.

இளைஞர்களே, உங்கள் தெருவில் சாவு நேர்ந்தால் முதலில் சென்று தோள்கொடுங்கள். வாதத்தை வாசலில் விட்டுச் செல்லுங்கள். முன்வினை என்று எவரேனும் முணுமுணுத்தால் மட்டும் மென்மையாக, உறுதியாக மறுத்துச் சொல்லுங்கள். பதினாறாம் நாள் பிண்டத்துக்குப் பதில் படத்திறப்பு நடத்தி, மறைந்தவர் செய்த நன்மையை எடுத்துரையுங்கள். உறுப்புக்கொடைக்கு உங்கள் ஒப்புதலை இன்றே எழுதிவையுங்கள், வீட்டாரிடமும் சொல்லிவையுங்கள்.

நாம் மறுபடியும் மாமல்லபுரம் போவோம். சங்கு விற்கும் அந்தத் தாயின் அருகே அமர்வோம். அன்று சொல்லத் தவறியதைச் சொல்வோம்: "அம்மா, உங்கள் மகன் எங்கே போனான் என்று எங்களுக்குத் தெரியாது, தெரியும் என்று சொன்னவர்களுக்கும் தெரியாது. ஆனால் ஒன்று நிச்சயமாகத் தெரியும். கடலுக்கு அடியில் நிலம் அசைந்தது, அலை வந்தது. அவன் ஒரு பாவமும் செய்யவில்லை. நீங்களும் செய்யவில்லை."